கயிறு அறுந்த இடம்: ஜப்பானிய ஓவியச் சுருள்கள் அச்சு நூலான கதை

கியோத்தோவின் தைதோக்குஜி மடத்தைச் சேர்ந்த ஷின்ஜுஆன் என்ற சிறு கோயிலுக்குச் சொந்தமாக 16ஆம் நூற்றாண்டின் ஓவியச் சுருள் ஒன்று இருக்கிறது. ‘ஹியாக்கி யாக்யோ எமாகி’ என்பார்கள். நூறு பேய்களின் இரவு ஊர்வலம் என்று பொருள் கொள்ளலாம். அந்தச் சுருளில் கதையைச் சொல்லும் வாசகம் கிடையாது. பழைய பாத்திரங்கள், செருப்புகள், இசைக்கருவிகள் எல்லாம் கைகால் முளைத்து வரிசையாகப் போகின்றன. ஓரிடத்தில் பீவா என்ற நரம்புக் கருவியைத் தலையாகக் கொண்ட உருவம் முன்னே நடக்கிறது. அதன் பின்னால் கோத்தோ என்ற நீண்ட நரம்புக் கருவி நான்கு காலில் தவழ்ந்து வருகிறது. பீவா அதைக் கயிறு கட்டி, முரண்டு பிடிக்கும் நாயை இழுப்பது போல இழுத்துப் போகிறது.

இதே இரண்டு பேய்களையும் 1784இல் எதோ நகரில், அதாவது இன்றைய தோக்கியோவில், மரப்பலகையில் செதுக்கி அச்சிட்ட ஒரு நூலில் மறுபடி பார்க்கலாம். தோரியாமா செக்கியென் என்ற ஓவியர் வரைந்தது. பீவாவுக்கு ஒரு படம், கோத்தோவுக்கு வேறொரு படம். பீவா போக்குபோக்கு, கோத்தோ ஃபுருநுஷி என்று ஆளுக்கொரு பெயர், அருகில் சில வரி விளக்கம். பீவா கைத்தடி ஊன்றும் பார்வையற்ற துறவியாகிவிட்டது. கோத்தோவின் நரம்புகள் தலைவிரி கோலமாகப் பறக்கின்றன. இரண்டையும் பிணைத்த கயிறு மட்டும் இல்லை.

அந்தக் கயிறு எங்கே போனது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பழைய சுருள்களைப் பார்த்து அச்சிட்ட நூல்களை மலிவு நகல் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. சுருளை மடித்துப் பக்கமாக்கியபோது படம் சொல்லும் முறையே மாறியது. அந்த மாற்றத்துக்குக் காரணம் கலை ரசனையைவிடத் தாளும் தையலும்தான்.

முதலில் சுருளை எப்படிப் படித்தார்கள் என்று பார்க்க வேண்டும். எமாகி என்பது சுவரில் மாட்டும் படம் இல்லை. தரையிலோ தாழ்ந்த மேசையிலோ வைத்து இடக்கையால் விரித்து, பார்த்து முடித்த பகுதியை வலக்கையால் சுருட்டிக்கொண்டே போவது. ஒரு நேரத்தில் கண்ணுக்குக் கிடைப்பது இரு கைகளுக்கு இடையே உள்ள அகலம், ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். கதை வலமிருந்து இடமாக ஓடுகிறது. அடுத்து என்ன வரும் என்பது படிப்பவர் கையில் இன்னும் விரியாமல் இருக்கிறது.

இந்த அமைப்பை முழுதாகப் பயன்படுத்தியது 12ஆம் நூற்றாண்டின் ‘ஷிகிசான் எங்கி’ சுருள்கள். மலைமேல் வாழும் துறவி மியோரெனின் பிச்சைப் பாத்திரம் பறந்து வந்து, ஊர்ப் பணக்காரரின் அரிசிக் களஞ்சியத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வானில் போகிறது. கீழே மக்கள் கைகளை விரித்துக்கொண்டு ஓடுகிறார்கள். நாம் சுருளை விரிக்க விரிக்கக் களஞ்சியமும் நம்மோடு நகர்கிறது. மூன்றாவது சுருளில் மியோரெனின் அக்கா, வயதான பிக்குணி, தம்பியைத் தேடி நாராவின் தோதைஜி கோயிலுக்கு வருகிறாள். மாபெரும் புத்தர் சிலையின் முன்னால் அவள் உருவம் ஒரே மண்டபத்தில் பல முறை வரையப்பட்டிருக்கிறது. வணங்குகிறாள், படுத்திருக்கிறாள், எழுகிறாள், புறப்படுகிறாள். ஓர் இரவு முழுவதும் ஒரே சட்டகத்துக்குள் கடந்துவிடுகிறது. சிலையின் பேருருவத்துக்குக் கீழே அந்தச் சின்னஞ்சிறு உருவத்தைப் பார்க்கும் எவருக்கும் அவளது காத்திருப்பு புரிந்துவிடும்.

இப்படிப்பட்ட சுருள்கள் அரசவையிலும் பிரபுக்கள் வீட்டிலும் பெரிய கோயில்களிலும் இருந்தன. ஒரு சுருளுக்கு ஒரு பிரதிதான். வேண்டுமென்றால் மறுபடி கையால் வரைய வேண்டும்.

அச்சு வந்ததும் சுருள் போய் நூல் வந்தது என்று எளிதாகச் சொல்லிவிடத் தோன்றும். நடந்தது அப்படி இல்லை. ஜப்பானில் அச்சு மிகப் பழையது. 8ஆம் நூற்றாண்டிலேயே பௌத்த மந்திரங்களை அச்சிட்டுச் சிறு மரக் கோபுரங்களுக்குள் வைத்தார்கள். படங்களோடு கூடிய ‘யூசூ நென்புத்சு எங்கி’ என்ற சுருளை 1391ஐ ஒட்டி மரப்பலகையில் அச்சிட்டார்கள். துறவி ரியோநின் (1073–1132) பரப்பிய வழிபாட்டைப் பற்றிய கதை அது. ஒருவர் சொல்லும் அமிதாப புத்தரின் நாமம் மற்றவர்கள் சொல்வதோடு கலந்து எல்லோருக்கும் பலன் தரும் என்பது அவர் போதனை. பலரைச் சேர்ப்பதே நோக்கமாக இருக்கும்போது ஒற்றைப் பிரதி போதாது. அச்சிட்டார்கள், ஆனால் தாள்களை ஒட்டிச் சுருளாகவே வைத்தார்கள். ஒசாக்காவின் தைநென்புத்சுஜி கோயிலில் அந்தப் பதிப்பு இன்றும் இருக்கிறது. ஆகவே படத்தை அறுத்தது அச்சு இல்லை.

அறுத்தது மடிப்பும் தையலும். இதைப் புரிந்துகொள்ள ஒரு வெள்ளைத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டால் போதும். ஜப்பானியப் பழைய நூல்களில் தாளின் ஒரு பக்கம் மட்டுமே அச்சாகும். மெல்லிய கையால் செய்த தாள் என்பதால் மறுபுறம் மை தெரியும். அச்சிட்ட பக்கம் வெளியே தெரியும்படி தாளை நடுவில் மடிப்பார்கள். மடித்த தாள்களை அடுக்கி, மடிப்பு இல்லாத திறந்த விளிம்புகளை வலப்புறம் சேர்த்து நூலால் தைப்பார்கள். ஒவ்வோர் ஏடும் ஒரு பை போல இருக்கும். பெயரும் அதுதான்: ஃபுக்குரோதோஜி, பைத்தையல்.

இப்போது அந்த நூலை விரித்துப் பாருங்கள். உங்கள் எதிரே இரண்டு பக்கங்கள் இருக்கின்றன. வலப்பக்கம் ஒரு தாளின் பின்பாதி. இடப்பக்கம் அடுத்த தாளின் முன்பாதி. அதாவது இரண்டும் வெவ்வேறு தாள்கள், வெவ்வேறு தடவை அச்சானவை. ஓர் ஓவியர் இரு பக்கமும் பரவும் படம் வரைந்தால், அதன் வலப்பாதி ஒரு செதுக்கலிலும் இடப்பாதி இன்னொரு செதுக்கலிலும் போகும். தைக்கும்போது ஓர் இம்மி நகர்ந்தாலும் குதிரையின் கழுத்து உடலோடு சேராது. நடுவில் தையல் விழுங்கும் இடம் வேறு. அங்கே முகம் எதையும் வைக்க முடியாது.

பழைய நூல்களைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது இந்த நடுக்கோட்டைத்தான். அந்த ஓவியர் கோட்டைக் கண்டு பயந்து இரு பக்கமும் தனித்தனிப் படம் வரைந்தாரா? அல்லது ஒரு மரம், ஒரு தூண், ஒரு மூடுபனிப் பட்டை என்று எதையாவது அங்கே நிறுத்திக் கோட்டை மறைத்தாரா? மூடுபனிப் பட்டை சுருள் மரபிலேயே உள்ளதுதான். சுருளில் அது ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்கு மெல்ல அழைத்துச் செல்லும் வழி. அச்சு நூலில் அது பக்கத்தின் மேலும் கீழும் சட்டம் போல உறைந்துவிட்டது. அடுத்த காட்சிக்கு அழைத்துச் செல்லும் வேலையைப் பக்கம் புரட்டும் விரல் எடுத்துக்கொண்டது.

இந்த நூல்கள் பெருகியது 17ஆம் நூற்றாண்டில். 1590களில் ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷியின் படைகள் கொரியாவிலிருந்து அசையும் எழுத்துகளைக் கொண்டுவந்தன. அதன் பின் சில பத்தாண்டுகள் ஜப்பானில் அசையும் எழுத்து அச்சு செழித்தது. அந்தக் காலத்தின் அழகான விளைவு 1608இல் வந்த ‘இசே மோனோகதாரி’ என்ற பழைய இலக்கியத்தின் பதிப்பு. வணிகர் சுமினோகுரா சோஆன், எழுத்துக் கலைஞர் ஹோன்ஆமி கோஎத்சு ஆகியோரின் பெயர்களோடு சேர்த்துப் பேசப்படும் சாகா பதிப்புகளில் ஒன்று. வண்ணத் தாள், 49 முழுப்பக்கப் படங்கள். வாசகம் மர எழுத்துகளால் கோத்தது, படம் தனிப் பலகை. கையெழுத்துச் சுருள்களிலும் ஏடுகளிலும் நெடுங்காலமாக வரையப்பட்டு வந்த காட்சிகள் அப்படியே பக்கச் சட்டத்துக்குள் வந்து அமர்ந்தன.

அசையும் எழுத்து நீடிக்கவில்லை. ஜப்பானியக் கூட்டெழுத்து ஓடும் நீர் போல ஒன்றோடொன்று இணைந்து போவது. அதைத் துண்டு துண்டாகக் கோப்பது தொல்லை. அச்சிட்டதும் எழுத்துகளைக் கலைத்துவிடுவதால், நூல் நன்றாக விற்றால் முழுவதும் மறுபடி கோக்க வேண்டும். செதுக்கிய பலகையோ அலமாரியில் இருக்கும். கேட்கும்போது எடுத்து மை தடவினால் போதும். படமும் எழுத்தும் ஒரே பலகையில் பின்னிப் பிணைந்து வரலாம் என்பது இன்னொரு வசதி. நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பதிப்பாளர்கள் பலகைக்கே திரும்பிவிட்டார்கள்.

அந்தக் காலத்தில்தான் யாமாமோத்தோ ஷுன்ஷோ என்ற அரக்குவேலைக் கலைஞர், இளவரசன் கெஞ்ஜியின் பழைய பெருங்கதையான ‘கெஞ்ஜி மோனோகதாரி’ முழுவதையும் 226 படங்களோடு கொண்டுவந்தார். பின்னுரையில் 1650 என்ற ஆண்டு இருக்கிறது. கெஞ்ஜியின் புகழ்பெற்ற 12ஆம் நூற்றாண்டுச் சுருளில் ஓவியர்கள் வீட்டின் கூரையைக் கழற்றிவிட்டு மேலிருந்து அறைக்குள் எட்டிப் பார்ப்பது போல வரைந்தார்கள். அந்தப் பார்வை கறுப்புக் கோடுகளாக அச்சு நூலிலும் தொடர்ந்தது. வண்ணம் மட்டும் இல்லை. நீலக்கல், பச்சைக்கல் பொடிகளும் சிப்பி வெண்மையும் பூசிய சுருளைப் பார்த்த கண்ணுக்கு இது வெறுமையாகத்தான் தெரிந்திருக்கும்.

அந்தக் குறையைத் தீர்க்கப் பிறந்தவை தான்ரோக்குபோன் எனப்படும் நூல்கள். தான் என்றால் செம்மஞ்சள், ரோக்கு என்றால் பச்சை. கறுப்பில் அச்சான படத்தின் மேல் செம்மஞ்சள், பச்சை, மஞ்சள் என்று சில வண்ணங்களைக் கையால் விரைந்து தீட்டினார்கள். கோட்டுக்குள் அடங்க வேண்டும் என்ற கவலையே இல்லை. ஒரே வீச்சில் மலையும் குதிரையும் வீரனின் காலும் பச்சையாகிவிடும். நூல் விலையைக் கட்டுக்குள் வைக்க அவசரமாகச் செய்த வேலை. ஆனாலும் அந்தத் தூரிகை வீச்சில் இருக்கும் துடிப்பு, பின்னால் வந்த நேர்த்தியான பல வண்ண அச்சில் எனக்குக் கிடைத்ததில்லை.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒசாக்காவின் பதிப்பாளர் ஷிபுகாவா செய்யெமோன் 23 கதைகளைத் தொகுப்பாக விற்றார். ‘ஒதோகி புங்கோ’ என்பது அதன் பெயர். ஒதோகிசோஷி என்று இன்று ஒரு இலக்கிய வகையையே நாம் அழைப்பது இந்தத் தொகுப்பிலிருந்து வந்த வழக்கம். சோற்றுக் கிண்ணத்தைப் படகாகவும் ஊசியை வாளாகவும் கொண்ட கட்டைவிரல் உயரத்து இஸ்சுன்போஷி, கடலடி அரண்மனைக்குப் போன உராஷிமா தாரோ எல்லாம் இதில் உண்டு. இந்தத் தொகுப்பின் வடிவம்தான் கவனிக்க வேண்டியது. வழக்கமான நூல்கள் நெடுக்கில் உயர்ந்தவை. இவை கிடையாகப் படுத்தவை, அகலம் கூடியவை. கையால் வரைந்த ‘நாரா எஹோன்’ ஏடுகளின் வடிவத்தைப் பின்பற்றியவை. சுருளின் நீளமான கிடைப்பார்வையில் ஒரு சிறு பகுதியாவது பக்கத்தில் மிஞ்சட்டும் என்ற ஆசையை அந்த வடிவத்தில் நான் காண்கிறேன்.

அந்த 23இல் ஷூதென் தோஜியின் கதையும் ஒன்று. பெண்களைக் கவர்ந்து போகும் அரக்கர் தலைவன், அவனை வஞ்சகமாக மது ஊட்டிக் கொல்லும் வீரன் ராய்கோ. இந்தக் கதையின் மிகப் பழைய சுருள் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒசாக்கா மாவட்டம் இக்கேதாவில் இத்சுஓ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கானோ மோதோநோபு 1522இல் வரைந்த சுருள் தோக்கியோவின் சுந்தோரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெட்டுண்ட தலை பறந்து வந்து ராய்கோவின் தலைக்கவசத்தைக் கவ்வும் காட்சி இந்தக் கதைக்கே உயிர். சுருளில் அந்தத் தலைக்கு எழுந்து வந்து பாய நீண்ட வெளி இருந்தது. பக்கத்தில் அந்த வெளி கிடையாது. தலையும் கவசமும் ஒரே சட்டத்துக்குள் நெருங்கி நிற்க வேண்டும். அதிர்ச்சி குறையவில்லை, வேறு இடத்துக்கு நகர்ந்தது. புரட்டிய கணத்தில் எதிரே இருக்கிறது அந்தத் தலை.

செதுக்கும் வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஓவியர் மெல்லிய தாளில் வரைந்ததைச் செதுக்குபவர் செர்ரி மரப் பலகையில் முகம் கீழாக ஒட்டுவார். தாளின் பின்புறம் வழியே தெரியும் கோடுகளை விட்டுவிட்டு மற்ற மரத்தைத் தோண்டி எடுப்பார். வேலை முடியும்போது ஓவியம் பலகையோடு போய்விடும். நம் கையில் இருக்கும் அச்சு நூலுக்கு மூல ஓவியம் என்று ஒன்று மிஞ்சியிருக்காது. விற்றுத் தீர்ந்த நூலை மறுபடி செதுக்க, அச்சான நூலையே பிரித்து அதன் பக்கங்களைப் புதிய பலகைமேல் ஒட்டிச் செதுக்குவதும் உண்டு. ஒரு நூல் அழிந்து இன்னொரு நூல் பிறக்கும். இப்படிப் பிறந்ததில் கோடு சற்றே தடித்திருக்கும், மயிரிழைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். பலகைகளை ஒரு பதிப்பாளர் இன்னொருவருக்கு விற்றால், கடைசிப் பக்கத்தில் பழைய பெயரை வெட்டி எடுத்துவிட்டு மரத்துண்டு செருகிப் புதிய பெயரைச் செதுக்குவார்கள். ஆண்டு மட்டும் பழையதாகவே நிற்கும். ஆகவே பழைய நூல் வாங்குபவர் ஆண்டை நம்புவதைவிடப் படத்தின் கோடுகளை நம்புவது நல்லது. இடப்பக்கத்தின் கீழ்மூலையையும் பார்க்கலாம். எத்தனையோ விரல்கள் புரட்டிக் கறுத்துப்போன மூலை அது. இரவல் நூல் கடைகளின் முத்திரையும் பல நூல்களில் இருக்கும்.

சுருளிலிருந்து நூலுக்கு வந்தவற்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது ‘எழுபத்தோரு இணைக் கைவினைஞர் கவிதைப் போட்டி’. 1500ஐ ஒட்டி உருவான சுருள். தச்சரும் கொல்லரும் முதல் இணை. இப்படியே 142 தொழிலாளிகள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து நிலவையும் காதலையும் பாடுகிறார்கள். கவிதைகளைவிட அருமையானது, உருவங்களுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் உள்ள பேச்சு. தோஃபு விற்கும் பெண் “தோஃபு வாங்குங்கள், நாராவிலிருந்து வந்திருக்கிறது” என்று கூவுகிறாள். ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய தெருக்குரல் அது.

இந்தச் சுருளைப் பலர் கைக்கும் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஹனாவா ஹோக்கீச்சி (1746–1821). சிறுவயதிலேயே பார்வை இழந்தவர். மற்றவர்கள் படிக்கக் கேட்டே மனத்தில் பதித்துக்கொண்டு, சிதறிக் கிடந்த பழைய நூல்களை ‘குன்ஷோ ருய்ஜூ’ என்ற மாபெரும் தொகுப்பாக்கினார். 1819இல் அச்சு நிறைவடைந்தது. அதில் இந்தக் கைவினைஞர் சுருளும் படங்களோடு இடம்பெற்றது. தான் காண முடியாத படங்களைப் பிறர் காண வேண்டும் என்று செதுக்க வைத்த அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் நெகிழ்ந்துபோகிறேன். அந்தத் தொகுப்புக்காகச் செதுக்கிய 17,244 பலகைகள் தோக்கியோவின் ஷிபுயா பகுதியில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. ஹெலன் கெல்லர் 1937இல் அங்கே போயிருக்கிறார்.

இனி செக்கியெனுக்குத் திரும்பலாம். கானோ என்ற ஓவிய மரபில் பயின்றவர், புகழ்பெற்ற ஓவியர் உதாமாரோவின் ஆசிரியர். கானோ பட்டறைகளில் மாணவர்கள் பழைய சுருள்களை நகலெடுத்தே வளர்ந்தார்கள். கோயில் சுருளை நேரில் பார்க்க வழியில்லாதவருக்கும் நகலின் நகல் கிடைக்கும். செக்கியென் 1776இல் ‘காசு ஹியாக்கி யாக்யோ’ என்ற பேய் நூலை வெளியிட்டார். பழைய சுருளின் பெயரையே எடுத்துக்கொண்டு, முன்னால் ‘படங்களாக’ என்று சேர்த்துக்கொண்டார். தொடர்ந்து 1779, 1781, 1784 ஆகிய ஆண்டுகளில் மேலும் மூன்று தொகுதிகள்.

அந்தக் காலத்தில் எதோ வாசகர்களுக்குப் படத்தோடு கூடிய கலைக்களஞ்சியங்கள் பழக்கமாகிவிட்டன. மரம், மீன், பறவை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், ஒரு பெயர், ஒரு விளக்கம். செக்கியென் பேய்களையும் அப்படியே வைத்தார். ஊர்வலம் கலைந்தது. கூட்டத்தில் ஒருவராக இருந்த பேய் தனியே நின்று பெயர் பெற்றது. கயிறு போனது இங்கேதான். பக்கத்துக்குப் பக்கம் தாண்டிக் கயிறு கட்ட முடியாது. கட்டினாலும் தையலில் அறுந்துவிடும்.

இழப்பு உண்டு, மறுக்கவில்லை. பீவா கோத்தோவை இழுக்கும் அந்தச் சிறு குறும்பு போய்விட்டது. ஆனால் பெயர் கிடைத்ததும் பேய்கள் புதிதாய் வாழத் தொடங்கின. பெயர் இருந்தால்தான் ஒன்றைப் பற்றிப் பேச முடியும், தேட முடியும், மறுபடி வரைய முடியும். இன்று ஜப்பானியப் பேய்களைப் பட்டியலிட உட்காரும் எவரும் செக்கியெனைத் தொடாமல் நகர முடிவதில்லை. 1784 நூலில் பல பேய்களின் விளக்கத்தை முடிக்கும்போது, இதையெல்லாம் கனவில் நினைத்துக்கொண்டேன் என்று எழுதுகிறார். பெயரில்லாத உருவங்களுக்குப் பெயர் வைக்க அவருக்குக் கிடைத்த உரிமை அது.

சுருளை அவர் முழுதாக மறக்கவும் இல்லை. ஷின்ஜுஆன் சுருளின் முடிவில் பெரிய சிவந்த உருண்டை எழுகிறது. பேய்கள் சிதறி ஓடுகின்றன. அதைச் சூரியன் என்று கொள்வதே பரவலான வழக்கம். 1779 தொகுதியை செக்கியென் அந்தி மயங்கும் வேளையில் தொடங்குகிறார். கடைசிப் படத்துக்குப் பெயர் ‘சூரிய உதயம்’. நடுவில் எத்தனை கட்டங்கள், எத்தனை பெயர்கள் இருந்தாலும், நூலை முதலிலிருந்து கடைசிவரை புரட்டுபவர் ஓர் இரவைக் கடந்திருப்பார்.

தையல்தான் தடை என்றால் தையலை விட்டுவிடலாமே என்ற வழியும் இருந்தது. பௌத்த சூத்திரங்களுக்கு நெடுநாளாகப் பயன்பட்ட ஒரிஹோன் வடிவம் அது. தாள்களை ஓரத்தில் ஒட்டி நீளமாக்கி, விசிறி போல முன்னும் பின்னுமாக மடிப்பது. ஓவியர் கவானபே கியோசாய் 1889இல் இறந்தார். அதே ஆண்டு வெளிவந்த அவருடைய ‘கியோசாய் ஹியாக்கி காதான்’ இந்த வடிவத்தில் இருக்கிறது. பேய்க்கதை சொல்ல உட்கார்ந்திருக்கும் மனிதர்களோடு தொடங்கி, பிறகு எலும்புக்கூடுகளும் பேய்களுமாக ஊர்வலம் கிளம்புகிறது. மடித்து வைத்துப் புரட்டினால் நூல். இரு கையாலும் பிடித்து இழுத்தால் தாள் நீண்டுகொண்டே போகிறது, பேய்களும் ஒன்றன் பின் ஒன்றாக மடிப்புகளின் மேலேயே நடந்து போகின்றன.